வருகிறேன் என்று இரண்டு தட்டல்

நவம்பர் 20

என்னங்க,

வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. போனில் நாம் பேசியதையெல்லாம் பேச்சு என்று சொல்ல முடியாது. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிடுகிறாள். நீங்கள் "ம்" என்கிறீர்கள். "சாப்பிட்டியா" என்கிறீர்கள். மறுபடியும் "ம்". இடையில் அக்கா புகுந்து உங்கள் பிரஷர் எவ்வளவு என்று விசாரிக்கிறாள். இதற்குக் கடிதமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் எழுதுங்கள். எழுத்தில் "ம்" போட்டுத் தப்பிக்க முடியாதல்லவா?

டாக்டர் சொன்ன வெயில் இங்கே தாராளமாக இருக்கிறது. இருமல் பாதியாகிவிட்டது. அக்கா காலை ஏழரைக்குப் பல் கிளினிக்குக்குக் கிளம்பிவிடுகிறாள். வருகிறவர்களின் பெயரை எழுதி உட்காரவைக்கிற வேலை. மாலை ஆறுக்குத்தான் வருகிறாள். போகும்போது, "ஓய்வெடுக்கத்தான் வந்திருக்கே, ஒரு துரும்பையும் கிள்ளிப் போடக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போகிறாள். துடைப்பத்தை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று மூன்று நாளாகத் தேடுகிறேன். பால்கனியில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறாள். அதில் காயப்போட்ட துணி மாதிரி நாள் முழுவதும் கிடக்கிறேன்.

ஒரு மணி ஆனால் மட்டும் கை பரபரக்கிறது. இருபத்தாறு வருஷமாக மத்தியானம் ஒரு மணிக்குச் சமையலறைச் சூட்டுக்குழாயில் கரண்டிக் காம்பால் மூன்று முறை தட்டிப் பழகிய கை. கீழே பாய்லர் அறையிலிருந்து நீங்கள் ஸ்பேனரால் இரண்டு முறை தட்டுவீர்கள், வருகிறேன் என்று. தட்டிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வருவீர்கள். சாப்பாடு ஆறிப் போயிருக்கும். நான் மறுபடியும் சூடு பண்ணுவேன்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போதும் அதையேதான் செய்தீர்கள். "நீ முன்னால போ, நான் பின்னாலயே வர்றேன்." எந்தத் தேதிக்குப் பின்னால் என்று கேட்டால் பாய்லரை யாரிடம் விடுவது என்றீர்கள். இனிமேல் பெயருக்குப் பதிலாக 'பாய்லர்' என்றே கையெழுத்துப் போடுங்கள். டாக்ஸியில் நான் பேசாமல் வந்தது தூக்கக் கலக்கத்தால் இல்லை. கோபத்தால்.

சின்னவள்


நவம்பர் 29

சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கதவிடுக்கு வழியாக உள்ளே விழுந்திருக்கிறது. ஏதோ விளம்பரக் காகிதம் என்று நினைத்து மிதித்துக்கொண்டு போய்விட்டேன். இன்று காலையில்தான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். உறை மேல் என் பூட்ஸ் தடம். துடைத்தேன், முழுதாகப் போகவில்லை.

நான் என்னத்தை எழுதுவது? வெளியே மைனஸ் ஒன்பது. பாய்லர் நன்றாக ஓடுகிறது. நான்காம் மாடி அம்மா சூடு போதவில்லை என்கிறார். இரண்டாம் மாடிக்காரர் சூடு தாங்கவில்லை என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் எனக்கு விமோசனம்.

நீ ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் போன டப்பாக்களில் கால்வாசி தீர்ந்துவிட்டது. நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். உட்கார்ந்தால் எதிரில் உன் நாற்காலி தெரிகிறது.

இன்று படியில் மூன்றாம் மாடி கணக்கு வாத்தியாரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகிப் பதினெட்டு வருஷம் ஆகியும் மனிதர் சட்டைப்பையில் சாக்பீஸ் வைத்திருக்கிறார். "அம்மா எப்ப வர்றாங்க?" என்றார். பிப்ரவரி இருபத்தெட்டு என்றேன். நான் வாய் மூடுவதற்குள், "இன்னும் தொண்ணூத்தோரு நாள்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். அவர் இவ்வளவு பேசியே நான் பார்த்ததில்லை.

நான் வருவதைப் பற்றி. டிசம்பர் குளிர் முதலில் போகட்டும். பாய்லரைப் புது ஆள் கையில் கொடுத்துவிட்டு நான் அங்கே வந்து வெயில் காய முடியாது. பார்க்கலாம்.

பாய்லர்


டிசம்பர் 8

என்னங்க,

"பார்க்கலாம்" என்ற உங்கள் வார்த்தையை நானும் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அது அப்படியே இருக்கிறது, நகரவில்லை.

ஒரு நல்ல சேதி. நேற்று அக்கா வீட்டுப் படி இரண்டு மாடியையும் நடுவில் நிற்காமல் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனைதான் இருந்தது. அதனிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாகத்தான் நடக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். அத்தான் போய் ஆறு வருஷம் ஆகிறது. அக்கா வீட்டில் டிவி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அவள் அதைப் பார்ப்பதே இல்லை. ஒரு நாள் நான் அணைத்தேன். "வேண்டாம்டி, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். இத்தனை வருஷம் போனில் அவள் அதட்டியதையெல்லாம் திமிர் என்று நினைத்திருந்தேன்.

மதியம் தூங்கச் சொல்கிறாள். தூக்கம் வந்தால்தானே? இருபது வருஷம் விடிந்ததிலிருந்து பன்னிரண்டு மணி வரை லாண்டரியில் நின்று வேலை செய்த உடம்பு, சும்மா இருக்கச் சொன்னால் அதற்குப் புரியவில்லை. உங்கள் பழைய சட்டை ஒன்று பெட்டியில் வந்துவிட்டது. அதன் பொத்தான்களை எல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தேன். அக்கா வருவதற்குள் ஊசியை ஒளித்துவிட்டேன்.

தேதி எழுதுங்கள்.

சின்னவள்


டிசம்பர் 17

சின்னவளுக்கு,

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் அக்காவிடம் சொல்லாதே.

போன செவ்வாய்க்கிழமை நான் பாய்லர் அறையில் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குழாயில் மூன்று தட்டல். சரியாக ஒரு மணி. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். ஆமாம், ஓடினேன். கதவைத் திறந்தால் வீடு காலியாகக் கிடக்கிறது. கரண்டி ஆணியில் தொங்குகிறது. உன் நாற்காலிக்கு வலது பக்கம் இருக்கும் அந்த ஜன்னலில் பனி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு இறங்கிவிட்டேன்.

புதன்கிழமையும் கேட்டது. வெள்ளியும். குழாய் சூடேறும்போது விரிகிற சத்தம் எனக்குத் தெரியாதா? அது தாறுமாறாக வரும். இது அளந்து வைத்த மாதிரி மூன்று. ஒவ்வொரு தடவையும் ஏறிப் போய்ப் பார்த்தேன். முழங்கால் சண்டை போடுகிறது.

வயசு அறுபத்தொன்று. காதுக்குள் ஏதாவது ஆரம்பித்துவிட்டதா என்று பயமாக இருக்கிறது. உன்னைத் தவிர வேறு யாருக்கும் இதை எழுத முடியாது.

பாய்லர்


டிசம்பர் 27

என்னங்க,

சிரிக்கவில்லை. கடிதத்தை வைத்துவிட்டு அழுதேன். அப்புறம்தான் சிரித்தேன்.

உங்கள் காதுக்கு ஒன்றும் இல்லை. நான் தட்டினபோதெல்லாம் ஆடி அசைந்து வந்தீர்கள், இப்போது நான் இல்லாதபோது ஓடுகிறீர்கள். மனம் வேலை காட்டுகிறது, அவ்வளவுதான். தயவுசெய்து அந்த முழங்காலை வைத்துக்கொண்டு படி ஏறாதீர்கள். தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும். இருந்த இடத்தில் இருங்கள்.

இப்போது வேறு விஷயம். அக்கா என்னை இங்கே ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனாள். இன்னொரு குளிர்காலத்தை அங்கே கழிப்பது நல்லதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா அத்தானுடைய அலமாரியைக் காலி பண்ணினாள். ஆறு வருஷமாகத் தொடாத அலமாரி. "இனிமே உன் துணியை இதுல வச்சுக்கோ. உன் வீட்டுக்காரர் வந்தா வரட்டும், வரலைன்னா அவர் பாய்லரோடயே இருக்கட்டும்" என்றாள். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.

நான் திரும்பி வந்தால் நெஞ்சு. வராவிட்டால் நீங்கள். இரண்டில் ஒன்றை நானே எடுக்க வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் வந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்கலாம். வருவீர்களா, மாட்டீர்களா? இதற்கு "பார்க்கலாம்" என்று எழுதினால் பதில் போட மாட்டேன்.

சின்னவள்


ஜனவரி 7

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாம் நலம்.

அக்கா சொல்வது சரி. டாக்டரும் சொல்லிவிட்டார். நீ அங்கேயே இருந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாய்லர்


ஜனவரி 15

உங்கள் கடிதத்தை எடைபோட்டால் உறைதான் கனக்கும்.

"இருந்துகொள்." முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நான் கேட்டது நீங்கள் வருவீர்களா என்று. நான் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அதைச் சொல்ல இங்கே அக்கா இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார்.

உண்மையைச் சொல்லட்டுமா? நான் இல்லாமல் உங்களுக்குப் பழகிப் போய்விட்டது. நிம்மதியாக இருக்கிறது. கேட்க ஆளில்லை, ஆறிப் போகச் சாப்பாடு இல்லை.

இல்லை, அப்படி இருக்காது. பொத்தானைத் தைத்து முடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏதோ நடந்திருக்கிறது. நீங்கள் "எல்லாம் நலம்" என்று எழுதுகிற ஆள் இல்லை. நலமாக இருந்தால் வால்வைப் பற்றி எழுதுவீர்கள். என்ன ஆயிற்று? உடம்பா? என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறீர்கள்?

சின்னவள்


ஜனவரி 25

சின்னவளுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஜனவரி நாலாம் தேதி உன் கடிதம் வந்தது. இருந்த இடத்தில் இருங்கள் என்று எழுதியிருந்தாய். மனசு லேசாகிவிட்டது. மறுநாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். பாய்லர் அறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். குழாயில் மூன்று தட்டல். ஒரு மணிக்கு இல்லாமல் மூன்று மணிக்குக் கேட்கிறதே, மனசு நேரத்தைக்கூட மறந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்ப மூன்று. உன் ஞாபகம் பொங்கிக்கொண்டு வந்தது. விளையாட்டாக ஸ்பேனரை எடுத்து இரண்டு முறை தட்டினேன். வருகிறேன் என்று. சத்தம் நின்றுவிட்டது. எனக்கு என்னவோ நீயே கேட்டுச் சிரித்த மாதிரி இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஆறே காலுக்கு இரண்டாம் மாடிக்காரர் கீழே வந்தார். "வாத்தியார் வீட்டு வாசல்ல ரொட்டிப் பை இன்னும் தொங்குது. மூணு மணிக்கெல்லாம் எடுத்துடுவாரே" என்றார். என்னிடம் எல்லா வீட்டுச் சாவியும் உண்டு. திறந்தேன்.

வாத்தியார் சமையலறைத் தரையில் கிடந்தார். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறியிருக்கிறார். விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. பக்கத்தில் கரண்டி. நம் சமையலறை வழியாகப் போகும் அதே குழாய்தான் மேலே அவர் சமையலறைக்கும் போகிறது என்பது குழாய் போட்ட எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். குழாய்ச் சூட்டில் கிடந்ததால்தான் விறைத்துப் போகாமல் பிழைத்தார் என்று ஆம்புலன்ஸ்காரர் சொன்னார். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அப்புறம் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், எல்லாம் நலம் என்று. நீ எழுதியதால்தான் நான் போகவில்லை என்று நீ நினைத்துவிடுவாய் என்று பயம். எனக்கே முதலில் அப்படித்தான் சொல்லத் தோன்றியது. அது பொய். இருந்த இடத்தில் இருங்கள் என்றுதான் எழுதினாய். வருகிறேன் என்று தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்லி நீ எழுதவில்லை. அது என் பழக்கம்.

பதினைந்து நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகத் துணிவில்லை. போன வாரம் போனேன். வாத்தியார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் ஆகிவிட்டது, நடந்துவிடுவார். நான்தான் பேச்சை எடுத்தேன்.

"டிசம்பர்ல ஒரு மணிக்குத் தட்டினது நீங்களா சார்?"

"ஆமா. பல வருஷமா அம்மா தட்டுற சத்தம் கேட்டுத்தான் நானும் சாப்பிட உக்காருவேன். அவங்க போனப்புறம் சாப்பாடே மறந்துபோகுது. அதான் நானே தட்டிக்கிட்டேன். தொந்தரவா இருந்துச்சா?"

"இல்ல சார்" என்றேன்.

"அன்னிக்கு நீ பதிலுக்கு ரெண்டு தட்டினியே, எனக்குக் கேட்டுச்சு. வந்துடுவேன்னு நெனச்சுத்தான் தட்டுறதை நிறுத்தினேன். மூணே கால் மணி நேரம். ஏம்ப்பா வரல?"

"என் பொண்டாட்டி ஞாபகம்னு நெனச்சேன் சார். அவ தட்டுறான்னு நெனச்சேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமே இல்லை. தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

"சரி. பொண்டாட்டி தட்டினா மட்டும் வர வேண்டாமா?"

கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது நீ சூடு பண்ணி, சூடு பண்ணி வைத்த சாப்பாடெல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு நாள்கூட நீ எனக்கு முன்னால் சாப்பிட்டதில்லை. அந்த முக்கால் மணி நேரமும் நீ பசியோடு உட்கார்ந்திருந்தாய் என்று எனக்கு இத்தனை வருஷம் தோன்றவே இல்லை.

மறுநாள் கட்டட ஆபீசுக்குப் போன் பண்ணி, கொஞ்ச நாள் லீவு கிடைக்குமா, பாய்லருக்கு ஆள் கிடைக்குமா என்று கேட்டேன். நாளைக்கே அனுப்புகிறோம் என்றார்கள். இருபத்தாறு வருஷமாக என்னைத் தவிர யாராலும் முடியாது என்று நான் கட்டிக் காத்த பாய்லர்! நாற்பது வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். அரை மணி நேரம் சுற்றிப் பார்த்தாள். "இந்த வால்வை ஏங்க கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு என் உதவி தேவைப்பட்டது டீத்தூள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும்தான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை விமானம். பத்தாம் தேதி மத்தியானம் அங்கே இறங்குவேன். இருபத்தெட்டுக்கு மேல் என்ன செய்வது, அடுத்த குளிருக்கு எங்கே இருப்பது என்று உன் எதிரில் உட்கார்ந்து பேசுகிறேன். பாய்லரை விட முடியாது என்று சொல்ல மாட்டேன்.

தேதி கேட்டாய், எழுதிவிட்டேன். டிக்கெட் உன் நாற்காலி மேல் இருக்கிறது.

பாய்லர்


பிப்ரவரி 3

என்னங்க,

நேற்று வந்தது உங்கள் கடிதம். அக்கா கிளினிக்குக்குப் போகிறவரைக்கும் பிரிக்காமல் வைத்திருந்தேன். மூன்று தடவை படித்தேன். வாத்தியார் அந்தத் தரையில் கிடந்த இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இருந்த இடத்தில் இருங்கள் என்று எழுதிய கை என்னுடையதுதானே. நீங்கள் எவ்வளவு சொன்னாலும் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. திரும்பி வந்ததும் முதலில் அவரைப் போய்ப் பார்க்கவேண்டும். என் சத்தத்தைக் கேட்டு இன்னொருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நீங்கள் இரண்டு தட்டிய பிறகு வீட்டில் வரும் அமைதிதான் எனக்கு ஆகாது. பதில் வந்துவிட்டது, ஆள் வரவில்லை. அந்த நேரத்தில் இன்னொரு முறை தட்டவும் முடியாது, சண்டை மாதிரி ஆகிவிடும். வாத்தியாருக்கு அது புரிந்திருக்கும்.

அக்காவிடம் சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினாள். மறுபடி தனியாகிவிடுவோமோ என்று நினைத்திருப்பாள். பிறகு, "அவருக்கு எந்த ரூமில் படுக்கை விரிக்கட்டும்?" என்றாள். வந்த பிறகு விரித்துக்கொள்ளலாம் என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் ஒரு கடிதத்தில் போய்விடுமா? பத்தாம் தேதி மத்தியானத்துக்கு மட்டும் அக்காவிடம் சமையலறையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சூடாகவே இருக்கும்.

இந்தக் கடிதம் அங்கே வந்து சேர எட்டு நாள் ஆகும். கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன். தபால்காரர் பதினோராம் தேதி இதைக் கதவிடுக்கு வழியாகப் போடுவார். நீங்கள் சொன்ன மாதிரி கிளம்பியிருந்தால், அதை மிதிக்க ஒரு பூட்ஸும் அந்த வீட்டில் இருக்காது.

எனக்கு இதற்குப் பதில் வேண்டாம். பூட்டின வீட்டில் இது பிரிக்கப்படாமல் தரையிலேயே கிடக்கட்டும்.

சின்னவள்